காலிறுதியில் நடந்தது

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் இங்கே சௌக்கியம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தேசியக் கால்பந்து அணியின் முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். முப்பது பேரை அழைத்திருக்கிறார்கள். பதினெட்டுப் பேர்தான் கடைசியில் மிஞ்சுவோம். பயிற்சியாளர் முதல் நாளே எங்களை வரிசையில் நிறுத்திச் சொல்லிவிட்டார்: "உங்கள்ல பன்னிரண்டு பேரு வீட்டுக்குப் போகப் போறீங்க. யாருன்னு எனக்கே இன்னும் தெரியாது. அதனால ஒருத்தரும் பெட்டியைப் பிரிச்சு அடுக்காதீங்க."

நான் அடுக்கிவிட்டேன் அக்கா. சட்டைகளை அலமாரியில் வைத்து, பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்தப் பன்னாட்டு விளையாட்டுப் போட்டியில் கால்பந்துக்கு மட்டும் வயது வரம்பு உண்டு. அடுத்த முறை நடக்கும்போது எனக்கு இருபத்தாறு ஆகியிருக்கும், சேர்க்க மாட்டார்கள். எனக்கு இது ஒன்றுதான். அதுவும் நம் நாட்டிலேயே நடக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. கால்பந்து ஆட்டங்களை வேறு வேறு நகரங்களில் வைத்திருக்கிறார்கள். அரையிறுதிக்குப் போகும் அணிகளுக்குத்தான் தலைநகரில் இருக்கும் வீரர் குடியிருப்பில் இடம். ஓட்டக்காரர்கள், நீச்சல்காரர்கள், பளு தூக்குகிறவர்கள் எல்லோரும் அங்கே ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். எத்தனையோ நாட்டுக்காரர்கள். அந்த வரிசையில் நானும் ஒரு தட்டை ஏந்தி நிற்க வேண்டும். பதக்கம் எல்லாம் பிறகுதான்.

என் அறையில் இருப்பவன் எங்கள் கோல்கீப்பர். எல்லோரும் அவனைப் பூட்டு என்கிறார்கள். அவனுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன் நான் என்பதால் எனக்குக் கதவு என்று பெயர் விழுந்துவிட்டது. நேற்று மதியம் தூக்கத்தில் பூட்டு கட்டிலிலிருந்து பக்கவாட்டில் பாய்ந்து தரையில் விழுந்தான். கண்ணைத் திறக்காமலே, "தடுத்துட்டேனா?" என்று கேட்டான். "வெளியே போயிடுச்சு, படு" என்றேன். படுத்துவிட்டான்.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் தம்பி

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து வீட்டைக் கலகலப்பாக்கியது. முழங்காலைப் பற்றித்தானே கேட்டாய்? மாடிப்படி ஏறும்போது மட்டும் அதைத் திட்டுகிறாள், மற்றபடி அம்மாவுக்கும் அதற்கும் சமாதானம்தான்.

கட்டிலிலிருந்து பாய்ந்த கதையை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்குப் போய் நடித்தே காட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

ஓட்டுநர் பள்ளியில் புதுக் கார் நன்றாக ஓடுகிறது. ஜனவரியில் நீ விடுப்பில் வந்தபோது அதை எடுத்து வரப் போனோமே, கடைத்தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாயே, அந்த ஹாரனை இப்போது ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அடிக்கிறார். எதிரே லாரி வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணை மூடிட்டா லாரி போயிடுமா சார்?" என்றேன். "போயிடுச்சேம்மா" என்றார். என் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருப்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தான்தான் நிறுத்துகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

வயிறு நிறையச் சாப்பிடு. அடிபட்டால் மறைக்காதே. மனுஷன் தலையால பந்தை முட்டுற ஆட்டத்தை எவன் கண்டுபிடிச்சான் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பதில் எழுத இவ்வளவு நாளானதற்குத் திட்டாதே. பதினெட்டில் நானும் ஒருவன்! பூட்டும்தான். அறிவிப்புப் பலகையில் பெயரைப் பார்த்ததும் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால் பூட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தான், அவன் கண்ணும் சிவந்திருந்தது. இரண்டு பேரும் சோப்பைக் குறை சொன்னோம்.

போன வாரம் துறைமுக அணியோடு பயிற்சி ஆட்டம். அவர்களுடைய முன்கள ஆட்டக்காரனும் நானும் ஒரே பந்துக்கு எகிறினோம். பந்து அதன் வழியே போய்விட்டது, நாங்கள் தலையும் தலையும் மோதிக்கொண்டோம். கொஞ்ச நேரம் புல்லில் படுத்திருந்தேனாம். பிறகு எழுந்து கடைசிவரை ஆடினேன். "இவன் கதவு இல்லடா, இரும்பு ஷட்டர்" என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது சாமானியமில்லை.

அம்மாவிடம் தேர்வானதை மட்டும் சொல். மற்றது வேண்டாம்.

உன் தம்பி

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சௌக்கியம் என்று அறிந்தேன். இங்கே பயிற்சி கடுமையாகிவிட்டது. வெயில் கண்ணைக் குத்துகிறது, அறையில் திரைச்சீலையை மூடியே வைத்திருக்கிறோம். பூட்டு முணுமுணுக்கிறான்.

உன்னிடம் ஒரு வேடிக்கை சொல்லவில்லையே. பூட்டு தூக்கத்தில் கட்டிலிலிருந்து பக்கவாட்டில் பாய்ந்து தரையில் விழுந்தான். கண்ணைத் திறக்காமலே, "தடுத்துட்டேனா?" என்று கேட்டான். "வெளியே போயிடுச்சு, படு" என்றேன். அம்மாவிடம் சொல், சிரிப்பாள்.

இன்னொரு வேடிக்கை. நேற்றைய பயிற்சி ஆட்டத்தில் இடைவேளை முடிந்து மைதானத்துக்குள் போனதும் நான் பாட்டுக்கு எதிர் அணிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பக்கம் மாறினதே நினைவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஓட்டுநர் பள்ளிக் கார் எப்படி ஓடுகிறது? இரண்டாவது கியர் இன்னும் மாட்டிக்கொள்கிறதா? அந்தப் பழசைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள்தான் அழுவாய், புதிதாக ஒன்று வாங்கச் சொல்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. உன் கடிதம் கிடைத்தது.

தம்பி

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நான் நலமில்லை, உன் கடிதம் வந்ததிலிருந்து.

அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டதற்கு, பள்ளியிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். கட்டில் கதையை நீ மார்ச்சிலேயே எழுதிவிட்டாய், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். கார் புதிது. நீயும் நானும் சேர்ந்துதான் எடுத்து வந்தோம். ஒருவன் ஒரு கதையை இரண்டு தரம் சொல்வான், அது பெரிதில்லை. ஆனால் அந்தக் காரில் உட்கார்ந்து வந்தது எப்படியடா மறந்துபோகும்?

தலையில் அடிபட்டதை டாக்டரிடம் காட்டினாயா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ அதைத் தொடவே இல்லை. உன் எழுத்து எப்போதும் கோடு போட்டது போல் இருக்கும். இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் மேலே ஏறிக்கொண்டே போகிறது.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. போய் டாக்டரைப் பார். "தலை வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது, பக்கம் மாறி நின்றதையும் சொல். அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

சௌக்கியம். நூற்றுக்கு நூறு சௌக்கியம். ஒரு கதையை இரண்டு முறை சொன்னால் வியாதியா? அப்படியென்றால் நம் பெரியப்பாவை எப்போதோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும்.

டாக்டரிடம் போனால் என்ன ஆகும் தெரியுமா? அவர் பயிற்சியாளரிடம் சொல்வார். என் இடத்துக்கு ஒருவன் பெட்டியைத் தயாராக வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறான். முதல் ஆட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. தலை வலிக்கிறதுதான், யாருக்கு வலிக்கவில்லை? இங்கே ஒருவன் கால்விரல் நகம் பிய்ந்து ஓடுகிறான். இன்னொருவன் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறான். போட்டி முடியட்டும், நீ சொல்கிற டாக்டரையெல்லாம் பார்க்கிறேன். ஒரு மாதம் பொறு.

ஒன்று மட்டும் சொல்கிறேன் அக்கா. இதை நீ வேறு யாரிடமாவது சொன்னால், எனக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள் என்பதையும் மறந்துவிடுவேன். அது வியாதியால் வந்த மறதியாக இருக்காது.

தம்பி

ஜூலை 16

அன்புள்ள தம்பி பூட்டுக்கு,

நான் கதவின் அக்கா. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நாம் பார்த்ததில்லை, ஆனால் நீ தூக்கத்தில் பாய்ந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். இந்தக் கடிதம் உனக்கு வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

முதல் இரண்டு ஆட்டங்களையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஊரே கூத்தாடுகிறது. நேற்று பந்து எதிர்ப் பக்கம் இருந்தபோதெல்லாம் கேமரா ஓரத்தில் அவன் தெரிந்தான். உன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான். அப்படி நிற்கிறவன் இல்லை அவன். பந்து எங்கே இருந்தாலும் கத்திக்கொண்டே இருப்பான். கத்தவே இல்லை.

நீங்கள் தங்கியிருக்கும் ஓட்டலுக்குப் போன் செய்தேன். வீரர்களுக்கு இணைப்புக் கொடுக்க மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். ஒரே அறையில் இருக்கிறவன் நீ. அவனுக்கு என்ன செய்கிறது? நல்லது கெட்டது எதுவானாலும் உள்ளது உள்ளபடி எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

ஜூலை 23

அக்காவுக்கு வணக்கம்.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. உங்கள் கடிதத்தை நாலு நாளாகக் கையுறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நேற்று காலிறுதி முடிந்த பிறகு அதற்கு மேல் தாங்கவில்லை. இதைத் துரித அஞ்சலில் போடுகிறேன்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் பாதியில் அவர்களுடைய உயரமான ஆட்டக்காரனின் முழங்கை காதோரம் பட்டு இவன் விழுந்தான். டாக்டர் ஓடி வந்தார். "ஒன்னுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்று இவன் சிரித்தான். அவர் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார். எழுந்தவன் எங்கள் கோலையே எதிரணிக் கோல் என்று நினைத்து அதை நோக்கி ஓட ஆரம்பித்தான் அக்கா. நான்தான் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டேன். பிறகு கடைசியில் அந்தக் கார்னர், அந்தத் தலையடி, கோல். நாடே தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது.

பஸ்ஸில் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தோம். இவன் என் காதருகே வந்து, "நாம எத்தனைக்கு எத்தனைடா?" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். "ஒன்னுக்கு ஜீரோ" என்றேன். "யாரு அடிச்சது?" என்றான். "நீதான்டா" என்றேன். உடனே சிரித்தான், தெரிந்துகொண்டே கேட்டது மாதிரி. அறைக்கு வந்ததும் வாந்தி எடுத்தான். மே மாதத்திலிருந்தே எடுக்கிறான். இன்று காலை செய்தித்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நேற்றைய ஆட்டத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தான்.

வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். அது மட்டும் காரணமில்லை. அவன் முன்னால் நிற்கும்வரை என் கைக்கு வருவது பாதிப் பந்துதான். அரையிறுதியில் அவனில்லாமல் நிற்க எனக்குப் பயம். அதனாலும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

இன்றைக்குத் தலைநகருக்குக் கிளம்புகிறோம். அரையிறுதி இருபத்தாறாம் தேதி. என்னால் டாக்டரிடம் போய்ச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லலாம்.

பூட்டு

ஜூலை 25 (தந்தி)

அணி மருத்துவர், கால்பந்து அணி, வீரர் குடியிருப்பு.

தம்பிக்கு மே முதல் தலைவலி வாந்தி மறதி. காலிறுதி அடிக்குப்பின் மோசம். நாளை ஆட விடாதீர்கள். நலமென்பான். நம்பாதீர்கள்.

கதவின் அக்கா

ஜூலை 27

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை.

உன் தந்தி வந்தபோது நான் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னைத் தனியே கூட்டிப்போய்க் குழந்தையைக் கேட்பது போல் ஏதேதோ கேட்டார். திரும்பி வந்தபோது என் சட்டையை வேறொருவன் போட்டிருந்தான். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். தொலைக்காட்சியில் நீயும் பார்த்திருப்பாய். இரண்டு கோலும் தலையடி. இரண்டும் நான் நிற்கும் இடத்தில். பெஞ்சில் உட்கார்ந்து அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கோல் விழுந்ததும் பூட்டு வலையிலிருந்து பந்தை எடுக்கவே இல்லை, திரும்பி என்னைப் பார்த்தான்.

சாப்பாட்டுக் கூடத்துக்கும் போனேன். நான் எழுதியதைப் போலவேதான் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு பளு தூக்குகிறவன், பின்னால் உயரமான ஒரு ஓட்டக்காரி. தட்டை ஏந்தி நின்றேன். என்ன வேண்டும் என்று கையால் கேட்டார்கள். தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் காரில் உன் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. எவன் ஓட்டினாலும் நிறுத்துவது நீதான். என் ஆட்டத்தையும் அப்படியே நிறுத்திவிட்டாய். திருப்தியா?

இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

பிரிக்க மாட்டேன் என்றாய். பிரிக்காத கடிதத்திலும் நலம் விசாரிக்கலாம் அல்லவா? நீ நலமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் தோற்றுப்போனதைப் பார்த்தோம். வெறுங்கையோடு நீங்கள் நின்ற படம் செய்தித்தாளில் வந்தது. அதில் உன்னைத் தேடினேன், இல்லை. இங்கே வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். கார் ஓட்டப் பழக வந்த ஒருவர், நான் யாரென்று தெரியாமல், "அந்தக் கதவு பயந்துக்கிட்டு உடம்பு சரியில்லைன்னு உக்காந்துட்டானாமே" என்றார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். "இறங்குங்க, இன்னைக்கு வகுப்பு முடிஞ்சது" என்றேன். அவர் வீடு அங்கிருந்து நல்ல தூரம்.

உன் டாக்டருக்குப் போன் செய்து பேசினேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்களாம், அதில் எதுவும் தெரியவில்லையாம். "தெரியலைன்னா ஒன்னும் இல்லைன்னு அர்த்தமா?" என்று கேட்டேன். "அதையும் சொல்ல முடியாதும்மா" என்றார். உன்னிடம் ஆறு மாதம் பந்தைத் தொடாதே என்றிருக்கிறாராம். அன்றைக்கு நீ ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. நீங்கள் ஜெயித்தும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்: அந்தத் தந்தியை மறுபடியும் அனுப்பச் சொன்னால் அனுப்புவேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

தந்தி விஷயத்தை அம்மாவிடம் மறைத்திருந்தேன். தந்தி அலுவலகக்காரர் கடைவீதியில் பார்த்துச் சொல்லிவிட்டிருக்கிறார். இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "கோவமா இருக்கானா?" ஆமாம் என்றேன். "கோவம் தீர்ற வரைக்கும் உசிரோட இருப்பான்ல? அது போதும்." அதோடு துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீ பூட்டின் வீட்டில் இருப்பதாக டாக்டர் சொன்னார். கதவையும் பூட்டையும் யாரும் பிரிக்க முடியாது போலிருக்கிறது. சாப்பாட்டில் கவனமாக இரு.

அக்கா

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று சொல்லலாம். திரைச்சீலையை இப்போது திறந்து வைக்க முடிகிறது. தலைவலி சில நாட்கள் வருவதில்லை. அம்மா எப்படி இருக்கிறாள்? நீ?

உன் கடிதத்தைப் பிரிக்கவில்லை. பூட்டு பிரித்துச் சத்தமாகப் படித்தான். காதைப் பொத்திக்கொண்டேன், ஆனால் வகுப்பு முடிந்தது என்று நீ ஆளை இறக்கிவிட்ட இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம்கூட எழுத மனம் வரவில்லை. அப்படி ஒரு கோபம். இப்போதும் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் காலையில் எழுந்ததும் முதல் நினைப்பே அந்தச் சட்டைதான், வேறொருவன் மேல்.

நான் உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அரையிறுதி அன்று டாக்டர் கேட்ட கேள்விகள். எத்தனைக்கு எத்தனை ஜெயித்தோம் என்றார், சொன்னேன். யார் அடித்தது என்றார், நான் என்றேன். எந்தப் பக்கத்துக் கார்னர் என்றார், அதையும் சொன்னேன். எல்லாம் செய்தித்தாளில் படித்தது. அப்புறம் அவர் கேட்டார்: "கோல் அடிச்சதும் ஓடிப்போய் முதல்ல யாரைக் கட்டிப்பிடிச்சே?" அது செய்தித்தாளில் இல்லை. பூட்டைத்தான், வேறு யாரை என்று நினைத்துப் பூட்டு என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னைத்தாம்பா" என்றார். "ரெண்டு காலும் தரையில படாம என்னைத் தூக்கினே."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அற்பக் கேள்வி கேட்டு மடக்கிவிட்டார் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பூட்டு அந்தக் காலிறுதியின் ஒளிநாடாவைக் கொண்டுவந்தான். வீட்டில் யாருமில்லாத சமயம் போட்டுப் பார்த்தேன். என் சட்டை எண்ணைப் போட்டுக்கொண்டு ஒருவன் ஆடுகிறான். பிரமாதமாக ஆடுகிறான் அக்கா. அப்படி ஒரு ஆட்டம் நான் ஆடியதே இல்லை. எகிறி முட்டுகிறான், பந்து உள்ளே போகிறது, ஓடிப்போய் டாக்டரைத் தூக்குகிறான், கூட்டம் அலறுகிறது. யாரோ ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது போல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி போட்டேன். ஒரு நிமிடம்கூட நினைவில் வரவில்லை. ஒரு சத்தம்கூட. என் வாழ்நாளிலேயே பெரிய ஆட்டம், நான் அங்கே இல்லை.

இன்னும் ஒரு அடி பட்டிருந்தால் வேறு என்னவெல்லாம் போயிருக்கும் என்று அப்போதுதான் பயந்தேன். உன் முகம், அம்மாவின் குரல். நிறுத்திவிட்டேன். டேப்பைச் சொல்கிறேன்.

நீ சரியாகச் செய்தாய் என்று இன்னும் என் வாயில் வரவில்லை. வரும்போது நேரில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு உதவி. டேப்பில் கேமரா காட்டுவதுதான் தெரிகிறது. நீ பார்த்ததை எழுது. யார் யார் இருந்தீர்கள், அம்மா என்ன சொன்னாள், ஆரம்பத்திலிருந்து சொல். என் ஆட்டத்தை எனக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

தம்பி

அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் கடிதம் வந்த அன்று இரண்டு வகுப்புகளை ரத்து செய்துவிட்டேன். தலைமை ஆசிரியர் கோபித்துக்கொண்டார், கோபித்துக்கொள்ளட்டும்.

நேரில் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. வந்தால் போதும்.

இனி ஆட்டம். ஓட்டுநர் பள்ளி அலுவலகத்தில் பெரிய தொலைக்காட்சி என்பதால் எல்லோரும் அங்கேதான் கூடினோம். நாற்காலி போதவில்லை. அம்மாவுக்கு மட்டும் முதலாளியின் சுழல் நாற்காலியைக் கொடுத்தோம். நீ எந்தப் பக்கம் ஓடினாலும் அவள் அந்தப் பக்கம் சுழன்றாள். தொடக்கத்திலேயே அவர்கள் மூன்று பேர் பந்தோடு வந்தார்கள். நீ ஒருவன் குறுக்கே சறுக்கி எடுத்துவிட்டாய். "அது என் பையன்" என்று அம்மா பொதுவாக அறிவித்தாள். எல்லோருக்கும் தெரியும், இருந்தும் கை தட்டினார்கள்.

பிறகு நீ விழுந்தாய். அதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. அறையில் அத்தனை பேரும் திரையைப் பார்த்து, "எந்திரி, எந்திரி" என்று கத்தினார்கள். அம்மா சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து, முழங்காலையும் மறந்து, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மெதுவாகச் சொன்னாள்: "படுத்துக்கோடா கண்ணா. அப்படியே படுத்துக்கோ." நீ எழுந்தாய். கைதட்டல் ஓய நேரமாயிற்று. அம்மா திரும்பி வந்து உட்காரவில்லை, இடைவேளைவரை நின்றுகொண்டேதான் இருந்தாள்.

இரண்டாம் பாதியில் நீ மூன்று முறை பந்தைக் கோட்டருகே காப்பாற்றினாய். ஒரு தடவை பூட்டு விழுந்து கிடந்தான், பின்னால் யாருமில்லை, நெஞ்சால் தடுத்தாய். தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பந்து வெளியே போயிருந்தது. "நான் மூடினதாலதான்" என்றார். அவரை யாரும் மறுக்கவில்லை.

கடைசியில் கார்னர். நீ முன்னால் ஓடி வந்தாய். அந்த ஓட்டத்தில் ஒரு கை உன் சட்டையைப் பிடித்து இழுத்தது, நீ உதறினாய். பந்து வளைந்து வந்தது. எல்லோருக்கும் மேலே நீ எகிறினாய்.

அது வலையின் எந்த மூலையில் போய் விழுந்தது என்று கேட்காதே, நான் பார்க்கவில்லை. அறையில் எல்லோரும் குதித்ததை வைத்துத்தான் கோல் என்று தெரிந்துகொண்டேன். நான் உன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அக்கா